ஒழுங்கைக்குள் ஒரு குறூசர்

அத்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் பதினொரு வருஷம் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவர். அத்தான் என்று நான் சொல்வது அக்காவின் புருஷனை. பிரிட்டிஷ் கடற்படை அங்கிருந்து மூட்டை கட்டிப் போனபோது அவருடைய வேலையும் கூடவே போய்விட்டது. ஒரு தகரப் பெட்டி, நாலு தூரிகை, சாம்பல் நிறம் ஊறிப்போன இரண்டு காற்சட்டை. இவற்றோடு வடகரையில் இருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் அடங்காமல் அவர் கொண்டுவந்த சாமான் கதை.

எங்கள் ஊரில் கப்பல் கதை சொல்வது லேசான காரியம் அல்ல. எங்கள் ஆட்கள் பரம்பரையாகப் பாய்க்கப்பல் ஓட்டியவர்கள். இரங்கூனுக்கும் காக்கிநாடாவுக்கும் போய் வந்ததை, நீர்வேலிக்கு வாழைக்குலை எடுக்கப் போய் வந்ததைப்போலச் சொல்வார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெயின்ற்காரர் வாய் திறந்து எடுபட வேண்டுமென்றால், அவர்கள் ஏறாத கப்பலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அத்தான் குறூசர் என்ற போர்க்கப்பலைப் பிடித்துக்கொண்டது அப்படித்தான்.

"போர்க்கப்பலெல்லாம் ஒண்டெண்டு நினையாதையுங்கோ," என்று வாசிகசாலை வாங்குப்பலகையில் இருந்து தொடங்குவார். "பெரிய போர்க்கப்பல் எண்டால் அது தேர். அசையிறதுக்கே ஊர் கூட வேணும். நாசகாரி எண்டால் ஓடித் திரியிற சின்னச் சாமான். பெரிசுக்குப் பக்கத்திலை காவலுக்குத்தான் சரி. குறூசர் அப்பிடியில்லை. தனியப் போகும், தனியச் சண்டை பிடிக்கும், தனியத் திரும்பி வரும். எங்கடை தண்டயல்மார் மாதிரி."

கடைசி வரி எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். கப்பலோட்டிய பழைய தண்டயல்மார் நாலைந்து பேர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஓமோம், அது நல்ல கப்பல்தான்," என்று தலையாட்டுவார்கள். எந்தக் குறூசரையும் அவர்கள் கிட்டப் பார்த்ததில்லை.

எங்கள் கடற்கரைக் கோயிலில் தீர்த்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஊரின் ஒவ்வொரு குறிச்சியாரும் ஒரு சோடனை வண்டில் கொண்டுவருவது வழக்கம். அந்த வருஷம் மேற்குக் குறிச்சியார் ஆகாய விமானம் செய்கிறார்கள் என்று செய்தி கசிந்தது. எங்கள் கிழக்குக் குறிச்சியார் அதற்கு முதல் வருஷம் ஒரு மயில் செய்து, அது வழியில் மழையில் நனைந்து கோழியாகிவிட்டிருந்தது. ஆகவே வாசிகசாலையில் கூடிய கூட்டத்தில் முகங்கள் நன்றாக இல்லை.

"அவங்கள் விமானமெண்டால் நாங்கள் குறூசர் விடுவம்," என்றார் அத்தான்.

"ஆர் செய்யிறது?"

"நான் செய்யிறன். நான் பெயின்ற் அடிக்காத குறூசர் இல்லை. கண்ணை மூடினால் ஒவ்வொரு ஆணியும் தெரியும்." பிறகு என்னைக் காட்டி, "இவன் படம் கீறுவான்," என்றார்.

நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞன். பாலங்களும் மதகுகளும் வரைபவன். இருபத்தாறு வயது, கலியாணமில்லை, கைவசம் ஒரு மாத லீவு. கப்பல் ஒன்று வரைய யார் கேட்பார்கள் என்று காத்திருந்தவன்போல ஒப்புக்கொண்டேன்.

இரண்டு தட்டு வண்டில்களை ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தி, மேலே நாற்பதடி நீளத்தில் பனஞ்சலாகையால் கூடு கட்டுவது என்று முடிவாயிற்று. மாடு வேண்டாம், ஆட்கள் இழுப்பார்கள். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி விரித்து அந்தக் கூட்டின்மேல் அறைவது, கீழே சில்லுத் தெரியாமல் நீலச் சீலை தொங்கவிடுவது. எல்லாவற்றையும் நான் அளவு பிசகாமல் வரைந்து, சிவப்பு மையில் அடி, அங்குலம் எழுதினேன். அக்காவின் வளவில் வேலை தொடங்கியது.

அத்தானுடைய வேலையை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். முன்மூக்கின் வளைவு, நங்கூரம் இறங்கும் ஓட்டை, அதன் கீழே துரு வழிந்த கோடு, வட்ட யன்னல்கள், தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் வரிசை எல்லாம் அப்படியே. ஆணித் தலைக்குப் புளியங்கொட்டையைப் பாதியாக உடைத்து ஒட்டினார். மேலே சாம்பல் பெயின்ற் அடித்ததும் அது தகரமாக இல்லை, இரும்பாகிவிட்டது. பாய்க்கப்பல்காரர்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

ஆனால் கப்பலின் பக்கங்கள் முடிந்தபிறகு வேலை அங்கேயே நின்றது. மேல்தட்டுக்குப் பனம்பலகை பரப்பியாயிற்று. அதன்மேல் என்ன என்று கேட்டால், "பொறு, இன்னும் ஒரு பூச்சு அடிக்கவேணும்," என்பார். இரண்டாம் பூச்சு அடித்தார். மூன்றாம் பூச்சு அடித்தார். அக்கா குசினி யன்னலால் பார்த்து, "உவர் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிறாரோ, கப்பலைப் பெயின்ற்றாலை செய்யிறாரோ?" என்று கேட்டாள். திருவிழாவுக்கு ஆறு நாள் இருந்தது. கடைசியில் ஒரு காலையில் அவசரம் அவசரமாகக் கமுக மரத் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்துக்கு நாலாக, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பீரங்கிகளை அறைந்தார். நடுவில் ஒரு புகைபோக்கி நட்டார். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. ஆனால் குறூசர் பார்த்தவர் அவர். நான் பார்த்தது மதகு.

அன்று பின்னேரம்தான் பெரிய ரீச்சர் படலையடியில் நின்றார்.

மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ரீச்சராக இருந்து அந்த வருஷம் இளைப்பாறியவர். தனிக்கட்டை. எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறும் முடக்கில் அவருடைய வீடு. வெள்ளைச் சீலை, கறுப்புக் குடை, குதியுயர்ந்த சப்பாத்து. நாற்பது வயதுக்குக் கீழே ஊரில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அக்காவும் வாங்கியிருக்கிறாள். படலையில் அந்தக் குடையைக் கண்டதும் இடுப்பில் செருகியிருந்த சீலையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே ஓடினாள்.

ரீச்சர் கப்பலை முன்மூக்கிலிருந்து பின்வால்வரை மெதுவாக நடந்து பார்த்தார். புளியங்கொட்டை ஆணியை விரலால் தொட்டார். பிறகு நிமிர்ந்து, விலாவில் நீட்டிக்கொண்டிருந்த பீரங்கி வரிசையைக் குடையால் காட்டினார்.

"உதென்ன, சீப்போ?"

அத்தான் தூரிகையைக் கீழே வைத்தார். "பீரங்கி, ரீச்சர்."

"குறூசரெண்டல்லோ ஊரெல்லாம் கதைக்கினம்? குறூசருக்கு ஆர் பீரங்கியை விலாவிலை குத்தி வைக்கிறது? அது முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஒல்லாந்தன்ரை கப்பல். குறூசரெண்டால் முன்னுக்கு ரண்டு துவக்கு வீடு, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு கொஞ்சம் உயர்த்தி. பின்னுக்கும் அப்பிடி ரண்டு. ஒவ்வொரு வீட்டிலையும் ரண்டு குழல். வீடு அப்பிடியே சுத்தித் திரும்பும். புகைபோக்கியும் ரண்டு. நீர் இதிலை வேலை செய்த ஆளல்லோ?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். நான் என்னுடைய வரைபடத்தைச் சுருட்டினேன்.

"நான் மேலை ஏறேல்லை, ரீச்சர்," என்றார் அத்தான், மிகவும் மெதுவாக.

"எப்பவாவது?"

"ஒருநாளும். எங்களைப் பலகையிலை இருத்திக் கயித்திலை வெளிப்பக்கமாய் இறக்கி விடுவாங்கள். காலமை இறக்கினால் பின்னேரம் தோணியிலை கூட்டிக்கொண்டு போவாங்கள். எனக்குத் தெரிஞ்சது விலாதான். மேலை என்ன கிடக்கெண்டு நான் அண்ணாந்து பாத்தால் கண்ணுக்குள்ளை பெயின்ற் விழும்."

அக்கா கையை இடுப்பில் வைத்தாள். "அப்ப கப்பித்தானோடை தேத்தண்ணி குடிச்சனான் எண்டு என்ரை அம்மாவுக்கும் சொன்னியளே?"

"குடிச்சனான்தான். அவர் மேலை நிண்டு குடிச்சார். நான் கீழை பலகையிலை இருந்து குடிச்சன்."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் ரீச்சர் சிரிக்கவில்லை. ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லி, கப்பலுக்கு எதிரே இருந்தார். நான் அவரிடம் கேட்டேன், குறூசரைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

அவர் உலகச் சண்டைக் காலத்தில் சீமையில் படித்துவிட்டுத் திரும்பியவர். நேர்வழி அடைபட்டிருந்ததால் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். பயணிக் கப்பல்கள், சாமான் கப்பல்கள் எல்லாம் கூட்டமாகப் புறப்பட்டன. கூட்டத்துக்குக் காவலாக முன்னே ஒரு குறூசர் போனது.

"நாப்பத்தைஞ்சு நாள், பிள்ளையள். காலமை எழும்பினால் செபம் சொல்ல முந்தி நான் மேல்தட்டுக்குத்தான் ஓடுவன். அது முன்னாலை நிக்குதோ எண்டு பாக்கிறது. நிண்டால் பிறகு செபம். ஒருநாள் பாக்கிறன், இல்லை. ராவிலை எதையோ கண்டு திரத்திக்கொண்டு போயிட்டுதாம். அடுத்த நாளும் இல்லை. எங்கடை கப்பலிலை ஆரும் சாப்பிடேல்லை. மூண்டாம் நாள் விடியப் பாத்தால், அதே இடத்திலை நிக்குது. ஒரு புகைபோக்கி கறுத்து நெளிஞ்சு கிடக்கு. நாங்கள் பொம்பிளையள் முழுப்பேரும் லேஞ்சியை ஆட்டினம். அங்கையிருந்து விளக்கை மினுக்கி மினுக்கி ஏதோ சொன்னாங்கள். எங்கடை கப்பல்காரன் ஒருத்தன் வாசிச்சுச் சொன்னான்: 'பிந்தினதுக்கு மன்னிக்கவும்' எண்டு."

அவர் குடையின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் அதுக்கும் நடுவிலை எப்பவும் அரை மைல் கடல். கிட்டப் போகேலாது. இஞ்சை இந்த ஆணியளைப் பாக்கத்தான் அது உப்பிடி இருந்திருக்குமெண்டு தெரியுது."

அத்தான் தலையை நிமிர்த்தியது அப்போதுதான்.

அடுத்த ஐந்து நாளும் ரீச்சர் பின்னேரத்தில் வந்து கதிரையில் இருந்து சொன்னார், நான் வரைந்தேன், அத்தான் கட்டினார். சீப்புப் பற்கள் பிடுங்கப்பட்டு, பலகைப் பெட்டிகளுக்குள் இரண்டிரண்டாகப் புகுந்தன. பெட்டிகளை, நிமிர்த்தி நட்ட பழைய வண்டில் அச்சுகளில் ஏற்றியதால் அவை உண்மையாகவே சுற்றித் திரும்பின. ரீச்சருக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு முறை. அத்தான் சோடனைக்காகப் புகைபோக்கியில் சிவப்பு மஞ்சள் கோடு போடப்போன சமயம். "சண்டைக்குப் போற கப்பலோ, சர்பத் விக்கிற வண்டிலோ?" என்று கேட்டார். கோடு போடவில்லை.

திருவிழா நாள். நாலு மணிக்குப் பறை முழங்க, இருபது பேர் வடம் பிடிக்க, குறூசர் அக்காவின் வளவைவிட்டு வெளியே வந்தது. ஒழுங்கை நேராக இருந்தவரைக்கும் அதன் போக்கு அழகாக இருந்தது. நீலச் சீலை அலைபோல ஆடியது. பக்க வேலிகளுக்கும் கப்பலுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அதை நான் அளந்திருந்தேன். முன்னால் நடந்துகொண்டிருந்த எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ஒழுங்கையின் முடக்கில், பெரிய ரீச்சரின் வேலியில், முன்மூக்குப் போய் முட்டியது.

திருப்பிப் பார்த்தார்கள். பின்வண்டில் மறுபக்க வேலியில் இடித்தது. பின்னுக்கு இழுத்தார்கள். இன்னும் இறுகியது. நாற்பதடி நீளமான, எங்கும் மடங்காத ஒரு சாமான் அந்த முடக்கில் திரும்பாது என்பதை ஒரு படவரைஞன் மூன்று கிழமையாக நினைத்தே பார்க்கவில்லை. அகலம் அளந்தேன். உயரம் அளந்தேன், தந்திக் கம்பிக்காக. கப்பலை அவ்வளவு நுணுக்கமாக வரைந்தவன் அது போகவேண்டிய பாதையை வரையவில்லை.

இதற்குள் பெரிய தெருவில் மேற்குக் குறிச்சியாரின் விமானம் வந்து நின்றது. சுழலி சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் முடக்கடியில் எட்டிப் பார்த்தார்கள்.

"குறூசர் கரை தட்டிப்போச்சடா!" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு சிரிப்பு. அத்தானின் முகம் கப்பலின் நிறத்துக்கு வந்திருந்தது.

ரீச்சரின் படலை திறந்தது. சிரிப்பு நின்றது. அந்த வேலியைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூவரசங் கதியால்களை நட்டு, அவற்றில் கிடுகு கட்டிய வேலி. ஆடு ஒன்று வாய் வைத்தால் ஆட்டுக்காரனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு முன்னே போனார்.

"ரீச்சர், கோவிக்கக்கூடாது. ஒரு ரண்டு கதியாலைப் பிடுங்கினால்..."

"ரண்டு காணாது," என்றார் ரீச்சர். "ஏழு பிடுங்கவேணும். மூக்கு உள்ளை வந்தால்தானே வால் திரும்பும்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, படம் கீறினது நீர்தானே? ஒழுங்கையைக் கீற மறந்துபோனீரோ?"

நான் குனிந்து முடக்கைச் சாணால் அளக்கத் தொடங்கினேன்.

"நேற்று உங்கடை கப்பலைக் காலடியாலை அளந்துபோட்டு, வந்து இந்த முடக்கையும் அளந்தனான். காலமை கட்டெல்லாம் வெட்டி விட்டிட்டன். கதியாலும் அசைச்சு வைச்சுக் கிடக்கு. பிடிச்சு இழுங்கோ."

உண்மைதான். வேலி நிற்பதுபோல நின்றதே தவிர, ஒரு கட்டும் இல்லை. ஏழு கதியாலும் அலவாங்கு இல்லாமலே கையோடு வந்தன. கிடுகுகளைச் சுருட்டி ஒதுக்கினோம். அந்த வளவுக்குள் இரண்டு செவ்வரத்தைச் செடிகளுக்கு நடுவே குறூசரின் மூக்கு நுழைந்தது. பின்வால் வளைந்து வந்தது. இருபது பேரும் மூச்சுவிட்டார்கள்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றார் ரீச்சர். வீட்டுக்குள் போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதிரையைக் கப்பலோரம் வைத்தார். "பலகை பாரம் தாங்குமோ?"

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, "யானை ஏறினாலும் தாங்கும்," என்றார். உடனே நாக்கைக் கடித்து, "உங்களைச் சொல்லேல்லை, ரீச்சர்," என்றார்.

"கோயில் வாசலுக்கு வரமாட்டன், விளங்குதோ? அது சரிவராது. தபால் கந்தோர்ச் சந்திமட்டும் வாறன்."

அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்க, ஐம்பத்தைந்து வயதில் அவர் குறூசரில் ஏறினார். முன்பீரங்கி வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, குடையை ஊன்றிக்கொண்டார். நாற்பத்தைந்து நாளும் அரை மைல் தள்ளி நின்று பார்த்த இடம். துவக்கு வீட்டின் கூரையைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இழுங்கோவன்," என்றார்.

பெரிய தெருவின் இரு கரையிலும் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அவருடைய பழைய மாணவிகள். கப்பலைப் பார்க்கக் கழுத்தை நீட்டியவர்கள், மேல்தட்டில் நிற்பது யார் என்று கண்டதும் ஒவ்வொருவராக நேரே நின்றார்கள். வெற்றிலையைத் துப்பினவர்களும் உண்டு. மேலிருந்து குரல் வந்தது: "நிமிந்து நில், பிள்ளை!" இன்னும் கொஞ்சம் தள்ளி, மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தியிடம், "நீ கணக்கிலை இப்பவும் அப்பிடித்தானோ?" எந்தப் போர்க்கப்பலும் ஒரு கரையை இவ்வளவு அமைதியாக்கியிருக்காது. எங்களுக்கு முன்னே போன விமானக்காரர்களில் ஒருவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டிலை ஓரமாக்கி எங்களுக்கு வழிவிட்டார்.

தபால் கந்தோர்ச் சந்தியில் நிறுத்தினோம். அத்தான் முன்பீரங்கிகளின் நாலு குழல்களுக்குள்ளும் வெடி வைத்திருந்தார். கோயில் வாசலில் கொளுத்துவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ரீச்சர் இறங்கி நின்றதும், அவர் யாரையும் கேட்காமல் திரியைக் கொளுத்தினார். முதல் இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. மூன்றாவது புகைந்தது. நாலாவது எல்லாரும் கிட்டப் போய்ப் பார்த்தபிறகு வெடித்தது. ரீச்சரின் வெள்ளைச் சீலையில் உள்ளங்கையளவு கரி. அவர் அதைத் தட்டவில்லை. லேஞ்சியை எடுத்து ஒருமுறை ஆட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

கோயிலில் ஐயர் எங்கள் கப்பலுக்கும் ஒரு தேங்காய் உடைத்தார். எந்தக் குறிச்சி வென்றது என்று தீர்ப்புச் சொல்பவர் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் தண்டயல்மாரில் மூத்தவர் அத்தானைக் கூப்பிட்டுத் தன்னுடைய சுருட்டில் ஒன்றை நீட்டினார். அத்தான் சுருட்டுக் குடிப்பதில்லை. வாங்கிக் காதில் செருகிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார்.

அடுத்த கிழமை அத்தானும் நானும் ரீச்சரின் வேலியை அடைத்துக் கொடுக்கப் போனோம். அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, "மூண்டாவது கதியால் சரிஞ்சு நிக்குது," என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடுகு கட்டி முடிந்ததும் தேத்தண்ணி வந்தது. அப்போது அவர் அத்தானிடம் குறூசரின் விலாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கை வைத்தால் எப்படி இருக்கும்? காலமையில் குளிருமோ? உள்ளே இயந்திரம் ஓடுவது கைக்குத் தெரியுமோ?

"குளிரும், ரீச்சர். பத்து மணிக்குப் பிறகு கை வைக்கேலாது. உள்ளை மிசின் ஓடினால் பலகை மெல்ல அதிரும். எனக்கு நித்திரை வரும். ரண்டுதரம் தூரிகையைக் கடலுக்கை விட்டிட்டன்."

"முழுக்கச் சாம்பல்தானோ?"

"தண்ணி மட்டத்துக்கு மேலைதான் சாம்பல். கீழை சிவப்பு."

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "சிவப்போ?"

"ஓம், ரீச்சர். நல்ல குங்குமச் சிவப்பு. அடிவயிறு முழுக்க. எண்ணெய் குறைஞ்சு கப்பல் கொஞ்சம் எழும்பி நிக்கேக்கை நாலு விரற்கடை தெரியும். தூரத்திலை இருந்து பாத்தால் தெரியாது."

"நாப்பத்தைஞ்சு நாள்," என்றார் ரீச்சர். "அத்தனை நாளும் சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டோ எனக்கு முன்னாலை போச்சுது?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அத்தான் உற்சாகமாகி, நங்கூரச் சங்கிலியைப் பற்றித் தொடங்கினார்.